கிளாக்கோமா: நன்றாகத் தெரியும்போதே ஏன் ஆபரேஷன் என்கிறார்கள்?

வேலூர்ப் பக்கம் கண் ஆபரேஷன் என்றால் எல்லோருக்கும் முதலில் ஞாபகம் வருவது கண்புரைதான், எங்கள் பேச்சில் பொறை. ஊருக்கு ஊர் கேம்ப் போடுகிறார்கள், வேன் வைத்து அழைத்துப் போய், ஆபரேஷன் செய்து, கறுப்புக் கண்ணாடி மாட்டிக் கொண்டுவந்து விடுகிறார்கள், நேற்றுவரை எதிரில் வருபவர் யாரென்று தெரியாமல் இருந்த தாத்தா இரண்டு நாளில் பேப்பர் படிக்கிறார். இதைப் பார்த்துப் பார்த்து நமக்கு ஒரு கணக்கு பதிந்துவிட்டது. பார்வை குறைந்தால் ஆபரேஷன், ஆபரேஷன் செய்தால் பார்வை வரும், அவசரம் ஒன்றுமில்லை, பொறை முத்தட்டும். இதே கணக்கை அப்படியே, பெரும்பாலும் கண்ணுக்குள் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைக் கெடுக்கிற கிளாக்கோமாவுக்கும் போட்டுவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பி வராது. சொட்டு மருந்து, லேசர், ஆபரேஷன் எல்லாமே மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான். அப்படியென்றால் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும்போது "எனக்கு எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது" என்று பார்த்துப் பயனில்லை. எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அது எந்த வேகத்தில் குறைகிறது, அந்த ஆளுக்கு இன்னும் எத்தனை வருடம் கண் வேண்டும், இந்த மூன்றையும் வைத்துத்தான் டாக்டர் யோசிக்கிறார். நோயாளிக்கு இந்த மூன்றில் எதுவுமே வெளியில் தெரிவதில்லை என்பதால்தான் "இப்போதைக்கு வேண்டாம் சார்" என்று எழுந்து வந்துவிடுகிறார்கள்.

சரி, உள்ளே என்னதான் நடக்கிறது? கண்ணின் முன்பகுதிக்குள் தெளிந்த நீர் ஒன்று ராத்திரி பகலாகச் சுரந்துகொண்டே இருக்கிறது. இது அழும்போது வருகிற கண்ணீர் அல்ல, வெளியே வராமல் உள்ளேயே ஓடி, உள்ளேயே வடிந்து ரத்தத்தில் கலந்துவிடும். நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்ரோலிட்டர், அவ்வளவுதான். வடிகிற இடம், கருவிழியும் அதன் பின்னால் நிறம் தெரிகிற திரையும் சந்திக்கும் மூலை, டாக்டர்கள் இதைக் கோணம் என்பார்கள். அங்கே சல்லடை மாதிரி ஒரு திசு இருக்கிறது. மூடவே முடியாத குழாய் உள்ள பாத்திரம் தேய்க்கிற தொட்டி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருக்கும் ஓட்டைகள் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்துக்கொண்டால் அது திறந்த கோண வகை. ஓட்டையெல்லாம் சுத்தமாக இருந்தும் மேலே ஒரு துணி (கண்ணில் அந்த நிறத்திரை) வந்து ஒட்டிக்கொண்டால் மூடிய கோண வகை. இரண்டிலும் தண்ணீர் தேங்கும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும்.

இந்த அழுத்தத்துக்கும் பி.பி.க்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு "நான்தான் பிரஷர் மாத்திரை போடறேனே" என்பவர்களை ஓ.பி.யில் தினமும் பார்க்கலாம். இது வேறு, அது வேறு. கண் அழுத்தம் பொதுவாகப் பாதரச அளவில் 10 முதல் 21 மி.மீ. வரை இருக்கும். அது ஏறும்போது, கண்ணின் பின்னால் மூளைக்குப் போகிற பார்வை நரம்பு நசுங்குகிறது. அந்த நரம்பில் சுமார் பத்துப் பன்னிரண்டு லட்சம் இழைகள் இருக்கின்றன. ஒன்று போனால் போனதுதான், மறுபடி முளைக்காது. இன்னொரு குழப்பமும் உண்டு: அழுத்தம் 18, 19 என்று இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் இருக்கிறார்கள், 24 இருந்தும் வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாதவர்களும் இருக்கிறார்கள். அதனால் அழுத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு "நார்மல், போங்க" என்று சொன்னால் அது முழுப் பரிசோதனை இல்லை. நரம்பைப் பார்த்தாக வேண்டும்.

எங்கள் பெரியப்பா ஒருவர் குடியாத்தத்தில் தறி வைத்திருந்தார். கைலி நெய்வார். அறுபது தாண்டியும் நூல் அறுந்தால் கண்ணாடி போடாமலே முடிச்சுப் போடுவார். சார்ட்டில் கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் டாக்டர் முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னதும் அவருக்கு ஒரே ஆச்சரியம். "இன்னா சார், நூல் அறுந்தா இங்க இருந்தே தெரியுது, எனக்கு இன்னாத்துக்கு ஆபரேஷன்?" என்றார். டாக்டர் பதில் சொல்லாமல் ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது ஃபீல்ட் டெஸ்ட் ரிப்போர்ட்.

அந்த டெஸ்ட் எப்படி என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆபரேஷன் எப்போது என்ற முடிவில் பாதி அந்தத் தாளில்தான் இருக்கிறது. இருட்டறையில் வெள்ளைக் கிண்ணம் ஒன்றுக்குள் முகத்தைக் கொடுத்து, தாடையை ஸ்டாண்டில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். நடுவில் ஒரு புள்ளியையே பார்க்கச் சொல்வார்கள். சுற்றிலும் அங்கங்கே சின்ன வெளிச்சம் வந்து மறையும், தெரிந்தால் கையிலிருக்கும் பட்டனை அமுக்க வேண்டும். சில வெளிச்சம் நல்ல கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மங்கலாக வரும், அது அப்படித்தான், ஃபெயில் ஆகிறோம் என்று பதறி எல்லாவற்றுக்கும் பட்டனை அமுக்கினால் ரிப்போர்ட்டே வீண். முடிந்ததும் ஒரு படம் வரும். தெரிகிற இடம் வெளுப்பாக, தெரியாத இடம் கறுப்பாக. பெரியப்பாவின் இடது கண் படத்தில் மேல்பாதி முழுக்கக் கறுப்பு, வலது கண்ணில் மூக்குப் பக்கம் ஒரு கறுப்பு வளையம். இரண்டிலும் நடு இன்னும் வெள்ளை. நூல் தெரிந்தது அந்த நடுவில் இருந்த வெள்ளையால்தான்.

சார்ட் வாசிப்பது நடுப்பார்வை. கிளாக்கோமா பெரும்பாலும் ஓரத்தில் ஆரம்பித்து, நடுவை விட்டுவைத்துச் சுற்றிச் சுற்றித் தின்று, கடைசியில்தான் உள்ளே வரும். சார்ட்டில் 6/6, அதாவது முழுசாக, வாசிக்கிறவருக்கு நரம்பில் முக்கால்வாசி போயிருக்கலாம். ஓரம் போனால் அங்கே கறுப்பாகத் தெரியும் என்று நினைக்காதீர்கள், எதுவுமே தெரியாது. ஒரு கண்ணில் போனதை இன்னொரு கண் ஈடுகட்டும், இரண்டிலும் போனதை மூளை பக்கத்தில் இருப்பதைக் கொண்டு நிரப்பிவிடும். வீட்டில் இருப்பவர்கள் கவனித்தால் தெரியும்: பக்கவாட்டில் வந்த பைக்கைப் பார்க்காமல் ரோட்டைத் தாண்டுவது, பக்கத்தில் வைத்த சொம்பைத் தட்டிவிடுவது, தெரிந்த வீட்டிலேயே படியில் தடுக்குவது. "வயசாயிடுச்சு, கவனம் இல்ல" என்று நாமே காரணம் சொல்லி மூடிவிடுகிறோம். கீழ்ப்பாதிப் பார்வை போனவர்களுக்குத்தான் படியும் பள்ளமும் அதிகம் தொல்லை தரும். மேல்பாதி போனவர் பெரியப்பா மாதிரி வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் ஓட்டிவிடுவார்.

ஃபீல்ட் டெஸ்டில் கறுப்பு விழுவதற்கு முன்பே நரம்பு இழைகளில் நாலில் ஒரு பங்கு போயிருக்கும் என்கிறார்கள். நமக்கே பார்வை குறைவதாகத் தோன்றும் கட்டம் அதற்கும் ரொம்பத் தாண்டி.

இங்கே நம்ம ஊர் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வேலூரில் சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியின் கண் பிரிவு ஆரணி ரோட்டில் ஷெல் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். 1902-இல், சி.எம்.சி.யை ஆரம்பித்த டாக்டர் ஐடா ஸ்கடர் பெண்களுக்காகத் திறந்த மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரிதான் அது. அந்தக் கண் டாக்டர்கள் வேலூர் நகரத்தில் 30 முதல் 60 வயதுள்ளவர்களைப் பரிசோதித்து 1998-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆயிரம் பேருக்குச் சுமார் 43 பேரிடம் மூடிய கோண வகையும், 4 பேரிடம் திறந்த கோண வகையும் இருந்தன. அன்றைய வரையறை இன்றையதைவிட அகலமானது, அதனால் அந்த 43-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மேல்நாட்டில் திறந்த கோணம்தான் பிரதானம், நம் ஊரில் மூடிய கோணத்தையும் தேடியாக வேண்டும் என்பதை அந்த ஆய்வு பளிச்சென்று காட்டியது. ஐந்து வருடம் கழித்து அதே ஆட்களில் சிலரை மறுபடி தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். கோணம் குறுகலாக மட்டும் இருந்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு அடுத்த கட்டம், அதாவது கோணம் ஒட்டிக்கொள்வதோ அழுத்தம் ஏறுவதோ, வந்திருந்தது. அந்த அடுத்த கட்டத்தில் ஏற்கெனவே இருந்து, நரம்பு கெடாமல் இருந்தவர்களில் 28.5 சதவீதம் பேருக்கு நரம்பும் கெட ஆரம்பித்திருந்தது. சின்ன எண்ணிக்கைதான், ஐம்பது பேரும் இருபத்தெட்டு பேரும். இருந்தாலும் நம் ஆட்களிடமே எடுத்த கணக்கு.

இது ஏன் முக்கியம் என்றால், இரண்டு வகைக்கும் வைத்தியத்தின் வரிசை வேறு, நேரமும் வேறு.

மூடிய கோண வகையில் முதலில் லேசர். நிறத்திரையின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை போடுவார்கள், பின்னால் தேங்கிய நீர் அந்த வழியாக முன்னுக்கு வந்துவிடும், திரை பின்வாங்கிக் கோணம் திறக்கும். ஓ.பி.யிலேயே சில நிமிட வேலை. கோணம் குறுகலாக இருக்கிற எல்லோருக்கும் இதைச் செய்துவிடலாமா என்று சீனாவில் குவாங்சோவில் பெரிய ஆய்வு நடத்தி 2019-இல் வெளியிட்டார்கள். ஆறு வருடத்தில் லேசர் செய்யாத கண்ணிலும் ஆபத்து மிகக் குறைவாகவே இருந்தது, எல்லோருக்கும் தேவையில்லை என்றார்கள். ஆனால் அங்கே ஒழுங்காகத் திரும்பித் திரும்பி வந்து பார்த்துக்கொண்டார்கள். ஒடுகத்தூர் மலையடிவாரத்திலிருந்து ஒருவர் வருகிறார், அடுத்து எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது என்றால், டாக்டர் லேசரைச் செய்து அனுப்பிவிடுவதில் நியாயம் இருக்கிறது. என் பார்வையில் அது சரிதான்.

இதே வகையில் சிலருக்குத் திடீரென்று முழுசாக அடைத்துக்கொள்ளும். பெரும்பாலும் மங்கலான வெளிச்சத்தில், சாயங்காலமோ ராத்திரியோ. கண் ரத்தச் சிவப்பாகும், பாதித் தலை பிளக்கும், பல்பைச் சுற்றி வானவில் வளையம் தெரியும், வாந்தி வரும். வாந்தியைப் பார்த்துப் பித்தம் என்று கஷாயம் கொடுப்பார்கள், தலைவலியைப் பார்த்து மாத்திரை கொடுத்துத் தூங்க வைப்பார்கள். அழுத்தம் ஐம்பது, அறுபது என்று நிற்கும் கண்ணுக்கு ஒரு ராத்திரி என்பது மிக நீளம். விடியட்டும் என்று காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போக வேண்டிய நிலைமை இது. அழுத்தம் இறங்கியதும் அந்தக் கண்ணுக்கு லேசர், கூடவே வலிக்காத அடுத்த கண்ணுக்கும் லேசர், ஏனென்றால் இரண்டும் ஒரே அமைப்பு.

கண்புரைக்கும் இதற்கும் ஒரு முடிச்சு உண்டு. வயசாக ஆகக் கண் லென்ஸ் தடித்து, திரையை முன்னால் தள்ளும். "பொறை முத்தட்டும், ஒரேயடியா எடுத்துக்கலாம்" என்று விட்டுவைத்தால் அது ஊதிக் கோணத்தை அடைக்கும், இல்லையென்றால் பழுத்துக் கசிந்து வடிகாலை அடைக்கும். பொறையில் போன பார்வை ஆபரேஷனில் வரும், அந்த அழுத்தத்தில் போன நரம்பு வராது. முத்தட்டும் என்ற பேச்சு பழைய காலத்து ஆபரேஷனுக்குப் பொருந்தியது, இப்போது அதற்கு அர்த்தமே இல்லை. 2016-இல் வந்த ஈகிள் ஆய்வு இன்னும் ஒரு படி போய், அழுத்தம் அதிகமுள்ள மூடிய கோணத்துக்காரர்களில் ஐம்பது வயது தாண்டியவர்களுக்குப் பொறை இல்லாவிட்டாலும் லென்ஸை எடுத்துவிடுவது லேசரைவிட நன்றாக வேலை செய்கிறது என்று காட்டியது.

திறந்த கோணத்தில் ஆரம்பக் கட்டம் என்றால் கத்திக்கு அவசரமில்லை. ராத்திரி ஒரு சொட்டு, அல்லது காலையும் மாலையும், இல்லையென்றால் வடிகாலின் மேலேயே போடுகிற லேசர். இங்கிலாந்தில் நடந்த லைட் ஆய்வில் (2019) அந்த லேசரை முதலில் செய்துகொண்டவர்களில் நாலில் மூன்று பேர் மூன்று வருடம் வரை சொட்டே இல்லாமல் சமாளித்தார்கள். அழுத்தம் ஒவ்வொரு மி.மீ. குறையும்போதும் நோய் முற்றும் ஆபத்து சுமார் பத்து சதவீதம் குறைகிறது என்று ஸ்வீடனில் நடந்த நீண்ட ஆய்வு ஒன்று சொல்லியிருக்கிறது. அதனால் 28-லிருந்து 20-க்கு வந்தாலே சிலருக்குப் போதும்.

சொட்டு மருந்தில் நம் ஊர் சிக்கல்கள் சில உண்டு. லாட்டனோபிராஸ்ட் வகையில் பல கம்பெனி மருந்துகளைத் திறக்கும்வரை ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்வார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் ஓட்டு வீட்டு ஜன்னலில் இருந்த பாட்டிலில் மருந்து எவ்வளவு மிச்சமிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்; அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று கடையில் கேட்டு வாங்குவது நல்லது. டைமலால் என்ற சொட்டைப் போடுகிறவருக்கு வீசிங் இருந்தால் மூச்சுத் திணறும், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரத்தில் கண் முனையை ஒன்றிரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு ஓடாது. இரண்டு மருந்து என்றால் நடுவில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம், பாட்டில் தீர்ந்ததும் நிறுத்திவிடுவது. வலி இல்லை, பார்வையில் வித்தியாசம் இல்லை, மாதம் சில நூறு ரூபாய் செலவு, யார்தான் தொடர்வார்கள்? நான் குறை சொல்லவில்லை. ஆனால் அதை டாக்டரிடம் மறைத்தால், "மருந்து கேட்கவில்லை" என்று அவர் இன்னொரு மருந்து சேர்ப்பார், அல்லது வீணாக ஆபரேஷன் வரை போவார். விட்டுவிட்டுத்தான் போட்டேன் என்று உண்மையைச் சொன்னால் அவர் லேசருக்கோ ஆபரேஷனுக்கோ வேறு கணக்குப் போட்டுச் சொல்வார், ஏனென்றால் மருந்தைத் தொடர முடியாதது என்பதே ஆபரேஷனுக்கு ஒரு நியாயமான காரணம்தான்.

அப்போ ஆபரேஷன் எப்போது?

மருந்தும் லேசரும் செய்தும் அழுத்தம் தேவையான அளவுக்கு இறங்காவிட்டால், அல்லது இறங்கியது போல இருந்தும் அடுத்தடுத்த ஃபீல்ட் டெஸ்ட்களில் கறுப்பு பரவிக்கொண்டே போனால். ஒரே ஒரு டெஸ்டை வைத்து முடிவெடுக்க மாட்டார்கள், அன்றைக்குத் தூக்கக் கலக்கமாகக்கூட இருந்திருக்கலாம். அதனால்தான் ஆரம்பத்தில் அடிக்கடி டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். காசு பிடுங்குகிறார்கள் என்று திட்டிக்கொண்டே வருகிற அந்த டெஸ்ட்களில்தான் வேகம் தெரியும். அப்புறம் வயது. 82 வயதுக்காரருக்கு மெதுவாகப் போகிற நோய் என்றால் சொட்டோடு விட்டுவிடலாம். ராணிப்பேட்டை தோல் கம்பெனியில் வேலை பார்க்கிற 45 வயதுக்காரருக்கு அதே வேகம் என்றால் அறுபதுக்குள் நடுப்பார்வைக்கு வந்துவிடும். அவரிடம்தான் டாக்டர் அவசரப்படுவார், அவருக்குத்தான் ஒன்றுமே தெரியாது.

முதல் தடவை வரும்போதே நோய் முற்றியிருந்தால்? முன்பெல்லாம் சொட்டு மருந்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து, எல்லாம் தோற்றபின் ஆபரேஷன் என்பதுதான் வழக்கம். இங்கிலாந்தில் முற்றிய நோயாளிகள் 453 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு எடுத்தவுடன் ஆபரேஷனும் மீதிப் பேருக்குச் சொட்டு மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வந்த அதன் முடிவில் இரண்டு வருடத்தில் வாழ்க்கைத் தரத்தில் வித்தியாசம் பெரிதாக இல்லை, ஆனால் ஆபரேஷன் செய்தவர்களுக்கு அழுத்தம் நன்றாகவே குறைந்திருந்தது, ஆபத்தும் பயந்த அளவுக்கு இல்லை. மாதாமாதம் மருந்து வாங்கவும் வந்து காட்டவும் முடியாத ஆட்கள் அதிகமுள்ள நம் ஊரில் இது இன்னும் பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. தள்ளிப்போடுவதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. வருடக்கணக்கில் மூன்று நான்கு சொட்டு மருந்து போட்ட கண்ணின் மேல்சவ்வு, மருந்தில் இருக்கும் கெடாமல் காக்கும் ரசாயனத்தால் சிவந்து அழன்றுபோயிருக்கும். அந்தச் சவ்வில் செய்யும் ஆபரேஷன் தழும்பேறிச் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

அப்படியானால் எல்லோருக்கும் முதல் நாளே செய்துவிடலாமே என்றால், அதுவும் முடியாது. டிராபெக்குலெக்டமி என்கிற இந்த ஆபரேஷன் 1968-லிருந்து இருக்கிறது. மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழியில் ஒரு சின்ன மூடிபோல வெட்டி, உள்ளிருக்கும் நீர் சவ்வுக்கு அடியில் கசிந்து வர வழி செய்கிறார்கள். அங்கே ஒரு மெல்லிய கொப்புளம் நிற்கும். நீர் அதிகமாகக் கசிந்தால் கண் தொய்ந்துவிடும், குறைவாகக் கசிந்தால் அழுத்தம் இறங்காது, பொறை சீக்கிரம் வரும், எத்தனை வருடம் கழிந்தாலும் அந்தக் கொப்புளத்தில் கிருமி நுழையலாம். அது தோற்றவர்களுக்கு, அல்லது தோற்கும் என்று தெரிந்தவர்களுக்கு, கண்ணுக்குள் நுண்ணிய டியூப் வைப்பார்கள். மதுரை ஆரோலேப் 2013-லிருந்து அதை நம் நாட்டிலேயே தயாரிக்கிறது, வெளிநாட்டு டியூப் விலையில் சிறு பங்குதான். அந்த டியூப்பை ஒரு கரையும் நூலால் கட்டித்தான் வைப்பார்கள், ஐந்தாறு வாரம் கழித்து நூல் கரைந்தபிறகே முழுசாக வேலை செய்யும். அதுவரை அழுத்தம் குறையவில்லையே என்று பயப்பட வேண்டாம், சொட்டை நிறுத்தவும் வேண்டாம்.

நடுவில் சின்னத் தீவு போலப் பார்வை மிஞ்சியிருக்கும் கடைசிக் கட்டத்தில் ஆபரேஷன் செய்தால் அதுவும் அணைந்துவிடும் என்று ஒரு பயம் டாக்டர்களிடமும் இருந்தது. நடக்கலாம், ஆனால் அபூர்வம். செய்யாமல் விட்டால் அந்தத் தீவும் போவது மட்டும் ஏறக்குறைய நிச்சயம். இருந்தாலும் இப்படியொரு ஆபத்தைத் தாங்க வேண்டியிருப்பதே தாமதத்துக்குக் கொடுக்கிற விலைதான். மிச்சம் நிறைய இருக்கும்போது செய்தால் ஏதாவது சறுக்கினாலும் தாங்கும்.

பெரியப்பாவுக்கு இடது கண்ணில் செய்தார்கள். முதல் இரண்டு வாரம் முன்பைவிட மங்கல். தெருவில் எல்லோரும் "நல்லா இருந்த கண்ணைக் கெடுத்துகினு வந்துட்டாரு" என்றார்கள். பெரியம்மா டாக்டரிடமே கேட்டுவிட்டார், "இன்னா டாக்டரு, ஆபரேஷன் பண்ணியும் தெரிலன்றாரே?" டாக்டர் சிரிக்கவில்லை, "அம்மா, இன்னும் பத்து வருஷம் கழிச்சும் இதே அளவுக்குத் தெரியணும்னுதான் பண்ணியிருக்கு" என்றார். முதல் மாதம் வாராவாரம் போனார்கள். ஒரு தையலை லேசரால் தளர்த்தினார்கள், கண்ணை எப்படி அழுத்திவிடுவது என்று பெரியம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். பாதி வெற்றி இந்தப் பின்கவனிப்பில்தான் இருக்கிறது. நடவு, அறுவடை, கல்யாணம், ரம்ஜான் என்று அந்த ஒரு மாதம் வர முடியாது என்றால் முன்பே சொல்லி, தேதியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். தலைக்குக் குளிக்காமல், குனிந்து பாரம் தூக்காமல் இருக்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் ஒரே விதி: ஆபரேஷன் செய்த கண் சிவந்து, வலித்து, பீளை தள்ளினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மெடிக்கல் ஷாப் அல்ல.

மெடிக்கல் ஷாப் என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். கண் அரிப்புக்கு என்று கடையில் கேட்டு வாங்குகிற சொட்டுகளில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். போட்டவுடன் சிவப்பு போய்விடும், அதனால் "சூப்பர் மருந்து" என்று வருடம் முழுக்கப் போடுவார்கள். சிலருக்கு அது அழுத்தத்தை ஏற்றிவிடும். வெயிலிலும் தூசியிலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிற பிள்ளைகளுக்கு இப்படி வாங்கிப் போட்டுப் பள்ளிக்கூட வயதிலேயே நரம்பைத் தொலைத்தவர்கள் உண்டு. நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்க வேண்டும் என்று தோன்றும், கடைக்காரரை.

குழந்தைகளில் வேறொரு வகையும் இருக்கிறது. பிறக்கும்போதே வடிகால் சரியாக உருவாகாமல் இருப்பது. குழந்தையின் கண் பெரிசு பெரிசாக இருக்கும், வெளிச்சம் பட்டால் முகத்தைத் திருப்பும், கண்ணீர் வடியும், கருவிழி வெளுத்து நீலம் பூத்திருக்கும். "கண்ணு எவ்ளோ பெருசு பாரு" என்று கொஞ்சுகிறோம். சொந்தத்துக்குள் கல்யாணம் நடக்கிற குடும்பங்களில் இது அதிகம் வருகிறது. இங்கே மட்டும் சொட்டில் ஆரம்பித்துப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. ஆபரேஷன்தான் முதல் வைத்தியம், அதுவும் நாட்கணக்கில், வாரக்கணக்கில் முடிக்க வேண்டியது.

யார் போய்க் காட்ட வேண்டும் என்று கேட்டால், நாற்பது தாண்டிய எல்லோரும் ஒரு தடவையாவது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர் யாருக்காவது இருந்தால் கட்டாயம். பெரியப்பாவுக்குத் தெரிந்தபிறகு அவருடைய தம்பி தங்கைகளைக் கூட்டிப் போனதில் அத்தைக்கு ஆரம்பக் கட்டம் என்று தெரிந்தது, அவர் இன்றுவரை ஒரு சொட்டோடு நிற்கிறார். கேம்ப்பில் டார்ச் அடித்து, சார்ட் வாசிக்க வைத்து அனுப்புவது கண்புரைக்குச் சரி, இதற்குப் போதாது. அழுத்தம் பார்க்க வேண்டும், கண்பாப்பாவை விரித்து நரம்பைப் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் ஒரு லென்ஸைக் கண்ணில் ஒட்டிக் கோணம் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பரிசோதனையை அவசரத்தில் விட்டுவிடுகிற இடங்கள் உண்டு, "கோணம் பார்த்தீங்களா டாக்டர்" என்று கேட்பதில் தப்பில்லை.

ஊர் மாறினாலும் ஆஸ்பத்திரி மாறினாலும் பழைய ஃபீல்ட் டெஸ்ட் தாள்கள் எல்லாவற்றையும், குறிப்பாக முதன்முதலில் எடுத்ததை, எடுத்துப் போங்கள். தாள் பழுப்பேறிக் கிழிவதற்குள் ஒவ்வொன்றையும் தேதி தெரிகிற மாதிரி போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள். புது டாக்டர் இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், ஆறு மாதம் பொறுக்கலாமா அடுத்த வாரமே செய்ய வேண்டுமா என்று அவரால் சொல்ல முடியும்.